கிரெடிட் கார்ட் ரிவ்யூ: கட்டாத மாசத்துல இருந்து எழுதுறது

போன மாசம் கார்ட் கடனோட கடைசி தவணை 7,000 ரூபாவ கட்டிட்டு வந்தேன், அந்த ரிசீட் இன்னும் பர்ஸ்ல தான் கெடக்கு, பஸ்ல உக்காந்தா எடுத்து எடுத்து பாக்குறேன். அதனால தான் இத எழுதவே இப்ப மனசு வந்திச்சு. கார்ட் ரிவ்யூன்னு தேடி பாருங்க, எல்லாரும் ஓஃபர் என்ன, பொயின்ட் எவ்வளவு சேரும், வருஷ கட்டணம் இருக்கா இல்லையா, இதையே தான் எழுதி வச்சிருக்காங்க. அதெல்லாம் கட்டுற மாசத்து ரிவ்யூ. வெயில்ல குடைய விரிச்சு பாத்துட்டு நல்ல குடைன்னு சொல்ற மாதிரி. நம்ம பக்கம் யாராவது அப்படி குடை வாங்குவாங்களா?

பேங்க் பேர் சொல்ல மாட்டேன். பேர சொல்லி என்ன, கட்டணத்துல அஞ்சூறு ஆயிரம் வித்தியாசம் இருக்கும், மத்தபடி நான் கேட்டு பாத்த ஆக்களோட கார்ட் எல்லாம் கிட்டத்தட்ட இதே கதை தான்.

நான் இலங்கை மலையகத்துல தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், வேலை நுவரெலியா டவுன்ல ஒரு ஹோட்டல்ல ஸ்டுவர்ட், சாப்பாடு பரிமாறுற வேலை. ஹோட்டல் வேலை பாத்தவங்களுக்கு தெரியும், பேசிக் சம்பளம் பேருக்கு தான், ஆக்களோட பில்லுல சேத்து வாங்கி எங்களுக்கு பிரிச்சு தாற சர்வீஸ் சார்ஜ்ல தான் குடும்பம் ஓடும், அது ஆள் வந்தா வரும் வரலன்னா இல்ல, மழை மாதிரி. 2021 டிசம்பர்ல கொரோனா கொஞ்சம் ஓஞ்சு கொழும்பு ஆக்கள் குளிர் பாக்க வர தொடங்கின நேரம், எனக்கு பேசிக் 32,000, சர்வீஸ் சார்ஜ் மட்டும் 35,000 வந்திச்சு. சரியா அந்த நேரம் பாத்து எங்க ஸ்டாஃப் கென்டீனுக்கே ஒரு தம்பி டை கட்டிக்கிட்டு வந்தாரு. நல்ல தமிழ், பதுளை பக்கத்து பிள்ளை போல. "அண்ணே, அம்பது நாள் வரைக்கும் வட்டியே இல்ல அண்ணே, உங்க காசு அக்கவுன்ட்லயே இருக்கும், பேங்க் காசுல சாமான் வாங்குங்க"ன்னாரு. பொய் சொல்லல, அது உண்மை தான், முழுசா கட்டுறவனுக்கு. முழுசா கட்டலன்னா வாங்குன நாள்ல இருந்தே வட்டி ஓடும்ங்கிறத அவரு சொல்லல, நானும் கேக்கல. இங்கிலீஷ்ல ஆறேழு பக்க ஃபோம், பென்சில்ல புள்ளி வச்சு தந்த எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன். ரெபரன்ஸுக்கு ரெண்டு பேர் கேட்டாரு, ஹட்டன்ல இருக்கிற மாமா பேரையும் எங்க சூப்பர்வைசர் பேரையும் குடுத்தேன். அந்த ரெண்டு பேர் பின்னால வருவாங்க, ஞாபகம் வச்சுக்கோங்க.

லிமிட் 150,000. ரெண்டு சம்பளத்துக்கு மேல. சம்பள ஸ்லிப்ல சர்வீஸ் சார்ஜையும் சேத்து தான் அந்த கணக்க போட்டாங்க, டிசம்பர் மாசத்த பாத்து வருஷம் முழுக்க டிசம்பர்னு நெனச்ச மாதிரி. இதுல பேங்க மட்டும் குத்தம் சொல்ல ஏலாது, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

நல்லதையும் சொல்லணும்ல. முதல் மூணு மாசம் 4 ஸ்டார் தாராளமா தருவேன். கார்ட்ட தேச்ச உடனே எஸ்எம்எஸ் வரும். சூப்பர் மார்க்கெட்ல வார கடைசில கழிவு இருக்கும், மாசத்து சாமான்ல ஆயிரம் ரூபா மிஞ்சும். வட்டி அப்ப 18 வீதம் தான், 2020 ஆகஸ்ட்ல மத்திய வங்கி கார்டுக்கு அதுக்கு மேல வாங்க ஏலாதுன்னு உச்ச வரம்பு போட்டிருந்தாங்க. ஓஃபர் புத்தகம் ஒன்னு தந்தாங்க, அழகா இருந்திச்சு, ஆனா அதுல இருக்கிற சாப்பாட்டு கடை எல்லாம் கொழும்புல, கொள்ளுப்பிட்டி பம்பலப்பிட்டி. பஃபே சாப்பிட நான் நானுஓயால ரயில் ஏறி போகவா? ஊர்ல நமக்கு தெரிஞ்ச கடைல கார்ட் நீட்டினா முதலாளி மூஞ்ச சுளிச்சுக்கிட்டு "கார்ட்னா மூணு வீதம் கூட"ன்னு சொல்வாரு. அப்படி கூட எடுக்க கடைக்காரருக்கு உரிமை இல்ல, மத்திய வங்கியே அத சொல்லியிருக்கு, ஆனா பத்து வருஷமா கொப்பில கடன் எழுதி சாமான் தந்த முதலாளிகிட்ட போய் மத்திய வங்கி கதை சொல்ல யாருக்கு வாய் வரும்.

செலவு எப்படி ஏறிச்சுன்னு கேட்டீங்கன்னா பெருசா ஒன்னுமில்ல, அது தான் கவலை. ஒரு போன். அப்பாவுக்கு கண்ணாடி. மழைக்கு எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீடு) கூரைக்கு தகரம். பிறகு 2022 பெப்ரவரில அக்கா மகளுக்கு சடங்கு, தாய்மாமன் நான், சும்மா போய் நிக்க ஏலுமா, சீர் தட்டு வைக்கணும், ஏடிஎம்ல கார்ட்ட போட்டு 40,000 காசா எடுத்தேன். இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க. கிரெடிட் கார்ட்ல காசு எடுத்தா அந்த அம்பது நாள் கதையே கிடையாது, மெஷின்ல இருந்து காசு கைக்கு வந்த நிமிஷத்துல இருந்து வட்டி, அதுக்கு முன்னால எடுத்ததுக்குன்னே 3 வீதம் கட்டணம், 1,200 ரூபா போச்சு. டெபிட் கார்ட் மாதிரி தானேன்னு நெனச்சு போட்டேன். மெஷின் ஒரு வார்த்த எச்சரிக்கல, பில் தான் சொல்லிச்சு.

அப்புறம் ஏப்ரல் வந்திச்சு. எங்களுக்கு ஏப்ரல்னா சீசன், நுவரெலியால கால் வைக்க எடம் இருக்காது, ஒரு மாசத்து சர்வீஸ் சார்ஜ்ல மூணு மாசத்து கடன் தீரும். 2022 ஏப்ரல் எப்படி இருந்திச்சுன்னு உங்களுக்கே தெரியும். மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, பெற்றோல் இல்ல, கேஸ் இல்ல, ஹோட்டல் குசினில விறகு அடுப்பு வச்சு சமைச்சோம், கொழும்புல இருந்து யார் வருவா, வந்தா எப்படி திரும்பி போவா. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டிய ஒரே தடவைல 7 வீதப் புள்ளி தூக்கினாங்க, கார்டுக்கு இருந்த உச்ச வரம்பும் அந்த நேரத்துல போச்சு. எனக்கு எஸ்எம்எஸ் வந்துக்கிட்டே இருந்திச்சு, வட்டி 20, பிறகு 24, பிறகு 30, அந்த வருஷம் முடியிறதுக்குள்ள 36. நான் வாங்குன போன் 18 வீதத்துல வாங்குன போன், அது 36 வீதத்துக்கு எப்படி மாறிச்சுன்னு கேட்டேன், நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்ல இருக்குன்னாங்க. இருந்திச்சு தான். அதே ஏப்ரல் 12ல நாடே வெளிநாட்டு கடன இப்ப கட்ட ஏலாதுன்னு அறிவிச்சிச்சு. நாட்டுக்கு மறுசீரமைப்பு கெடச்சிச்சு, எனக்கு லேட் ஃபீ.

இப்ப கணக்கு. இத கொஞ்சம் நிதானமா பாருங்க, ஏன்னா இத நான் அப்ப பாக்கல. என் கார்ட்ல மொத்த பாக்கி 148,000. மினிமம்னு சொல்றது மாசம் கொறஞ்சது கட்டியே ஆக வேண்டிய தொகை, பாக்கில 5 வீதம், அதாவது 7,400. அத கட்டினா ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க, நானும் நல்ல பிள்ளையா கட்டிட்டு வந்தேன். ஆனா 36 வீதம்னா மாசத்துக்கு 3, அது 4,440 ரூபா. கட்டுற 7,400ல 4,440 வட்டிக்கு போய், கடன்ல கழியிறது 2,960 தான். எங்க அம்மா கொழுந்து எடுக்கிறவங்க, அப்ப நாள் சம்பளம் ஆயிரம், 2021ல போராடி வாங்குன ஆயிரம். அப்ப பாருங்க, அம்மா நாலு நாளைக்கு மேல அட்டக்கடி பட்டு மலைல நின்னா அது என் கார்டோட ஒரு மாசத்து வட்டி. அம்மாகிட்ட நான் இத சொல்லல.

செப்டம்பர்ல மினிமம் கட்ட ஏலாம போச்சு. கோதுமை மா கிலோ 400 ரூபா பக்கம், ரொட்டி தட்டவே யோசிக்கிற நேரம், சர்வீஸ் சார்ஜ் அந்த மாசம் 3,000 சொச்சம். ஒரு மாசம் தானேன்னு விட்டேன். வட்டி 4,440, லேட் ஃபீ 2,000, சேந்து 154,440 ஆச்சு. பாத்தீங்களா, என் லிமிட் 150,000. நான் ஒரு ரூபா கூட செலவு செய்யல, அவங்க போட்ட வட்டியும் அபராதமுமே என்ன லிமிட் தாண்ட வச்சிச்சு, தாண்டினதுக்கு அடுத்த மாசம் 1,500 ஓவர் லிமிட் கட்டணம். அடுத்த மாசம் 162,500. அதுக்கு அடுத்தது 171,000. அஞ்சு மாசம் முடிய 188,000 தாண்டிச்சு. கார்ட் பர்ஸ்ல சும்மா தான் இருந்திச்சு, ப்ளொக் பண்ணி எத்தனையோ நாள், கடன் மட்டும் மாசம் எட்டாயிரம் ஒன்பதாயிரம்னு கொழுத்துக்கிட்டே போச்சு. வட்டிக்கு வட்டி, அபராதத்துக்கும் வட்டி. கூட வேலை செய்யிற ஒருத்தருக்கு இன்னும் மோசம், வட்டியில்லா தவணைல டிவி எடுத்திருந்தாரு, ரெண்டு மாசம் தவறினதும் அந்த தவணைய உடைச்சு மிச்சம் முழுசையும் ஒரே தடவைல பில்ல போட்டு அதுக்கும் சாதா வட்டிய ஏத்திட்டாங்க.

போன் கதைக்கு வாறேன். முதல்ல மெசேஜ். பிறகு ஒரு மிஸ் எடுப்பாங்க, மரியாதையா, "எப்ப கட்டுவீங்க"ன்னு கேப்பாங்க, நான் இருபத்தஞ்சாம் திகதின்னு சொல்வேன், இருபத்தாறு காலைல ஏழரைக்கு திரும்ப எடுப்பாங்க. ஒரு நாளைக்கு நாலு அஞ்சு தடவ. இதுல ஒரு விஷயம் நல்லா கவனிச்சேன். கார்ட் விக்க வந்த தம்பி தமிழ். காசு கேட்டு எடுக்கிற ஆள் சுத்தமான தமிழ். நடுவுல நமக்கு ஒரு சந்தேகம்னு கஸ்டமர் கெயார்க்கு எடுத்தா மட்டும் "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்", அழுத்தினா பாட்டு, இருபது நிமிஷம் பாட்டு, கடைசில ஒருத்தர் வந்து சிங்களத்துல "மொகத பிரஸ்னே" (என்ன பிரச்சினை)ம்பாரு. எனக்கு சிங்களம் வரும், ஹோட்டல்ல அது தானே பேசுறோம், ஆனா எங்க அப்பா மாதிரி ஒருத்தருக்கு? அக்ரிமென்ட் இங்கிலீஷ், பில் இங்கிலீஷ், லோயர் லெட்டர் இங்கிலீஷ். கஸ்டமர் சேவைக்கு 1 ஸ்டார், அது கூட அந்த பாட்டு நல்லா இருந்ததுக்கு.

நான் போன எடுக்காம விட்டேன். அது பெரிய பிழை. எடுக்கலன்னதும் ரெபரன்ஸ் ரெண்டு பேருக்கும் போச்சு. மாமா எடுத்து "என்னப்பா மருமகனே, யாரோ பேங்க்காரன் என் போனுக்கு எடுத்து உன்ன தேடுறான், நான் எதுக்கும் கையெழுத்து போட்டேனா?"ன்னாரு. இல்ல மாமா, பேர் மட்டும் தான் குடுத்தேன்னு சொன்னேன். அதோட அவரு அத பத்தி கேக்கவே இல்ல, பொங்கலுக்கு போனப்ப கூட கேக்கல. கேட்டிருந்தா பரவாயில்ல போல இருந்திச்சு. சூப்பர்வைசர் அண்ணன் கேட்டாரு, அதுவும் எல்லாரும் நிக்கிறப்ப.

சம்பளம் பிடிச்ச கதை தான் எனக்கு இன்னும் ஆறல. என் சம்பள அக்கவுன்டும் அதே பேங்க்ல தான், கார்ட் எடுக்கிறப்ப வசதின்னு அவங்களே அங்க மாத்த சொன்னாங்க. 2023 ஜனவரி 25, சம்பளம் 41,000 விழுந்திச்சுன்னு எஸ்எம்எஸ், பத்து நிமிஷத்துல இன்னொரு எஸ்எம்எஸ், 28,000 கழிஞ்சிச்சு. ஏடிஎம் முன்னால நின்னு மிச்சம் 13,000த்த பாத்துக்கிட்டே இருந்தேன், பின்னால நின்னவரு "மல்லி, இவரத?" (தம்பி, முடிஞ்சிச்சா?)ன்னு சிங்களத்துல கேக்குற வரைக்கும். அதே பேங்க்ல இருக்கிற நம்ம காச அவங்களுக்கு வர வேண்டிய கடனுக்கு எடுத்துக்கலாம்னு அந்த ஆறேழு பக்கத்துல எங்கயோ இருந்திருக்கு. சட்டப்படி சரியா இருக்கலாம், ஆனா வீட்டுக்கு போய் அம்மாகிட்ட என்னத்த சொல்றது. அடுத்த மாசமே ஹோட்டல்ல எழுதி குடுத்து சம்பளத்த வேற பேங்குக்கு மாத்தினேன். நீங்க கார்ட் எடுக்கிறதா இருந்தா சம்பளம் வாற எடத்துல எடுக்காதீங்க, இந்த ரிவ்யூல வேற ஒன்னும் ஞாபகம் இல்லாட்டியும் இத ஞாபகம் வச்சுக்கோங்க.

90 நாள் தாண்டினா அது செயற்படாக் கடன்னு பேங்க் கணக்குல வேற பக்கத்துக்கு போகுது. அதோட பேங்க் மிஸ் போய், வசூலுக்குன்னு வெளில இருக்கிற ஒரு கொம்பனி வந்திச்சு. அவங்க மோட்டர் சைக்கிள்ல வந்தாங்க. டவுன்ல ஒரு வீட்டுக்கு வசூல்காரன் வந்தா அடுத்த வீட்டுக்கு கூட தெரியாது. லயத்துல? சாயங்காலம் அஞ்சு மணி, எல்லாரும் கொழுந்த எடை போட்டுட்டு வீட்டுக்கு வாற நேரம், மாரியம்மன் கோயில் கிட்ட வண்டிய நிப்பாட்டி ஹெல்மட்ட கூட கழட்டாம "இன்னாரு வீடு எது, பேங்க் கடன் விஷயம்"ன்னு சத்தமா கேட்டிருக்காரு. சின்ன பிள்ளைங்க கூட்டிக்கிட்டு வந்து காட்டியிருக்குதுங்க. நான் டியூட்டில, அம்மா மட்டும் வீட்டுல. வாசல்ல நின்னு "பொலிஸ்ல என்ட்ரி போடுவோம்"னு சொல்லிட்டு போயிருக்காரு. அடுத்த நாள் காலைல பெரட்டுல, அதான் வேலை பிரிச்சு குடுக்க ஆக்கள் கூடுற எடத்துல, நாலு பேர் அம்மாகிட்ட விசாரிச்சிருக்காங்க, ஒருத்தி "உங்க மகன் ஹோட்டல்ல பெரிய வேலைன்னு தானே சொன்னீங்க"ன்னு. அம்மா அன்னைக்கு ஒன்னும் பேசல. ராத்திரி சோறு போட்டு வச்சுட்டு "எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். "ஐயோ சாமி"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்கு போயிட்டாங்க.

அட்ரஸ் விஷயம் ஒன்னு இருக்கு, கொழும்புக்காரங்களுக்கு இது விளங்காது. லயத்து வீட்டுக்கு தனி அட்ரஸ் ஏது. தோட்டம் பேர், டிவிஷன் பேர், போஸ்ட் ஒபிஸ் பேர், அவ்வளவு தான். கடுதாசி எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்கு வரும், அங்க கெடக்கும், யாராவது மனசு வச்சா பெரட்டுல குடுப்பாங்க, இல்லாட்டி அந்த பக்கம் போற பிள்ளைங்க கைல குடுத்து விடுவாங்க, மழைல நனைஞ்சு வரும். என் பில் பாதி நாள் கட்ட வேண்டிய திகதி முடிஞ்சு தான் கைக்கு வந்திச்சு. 2023 ஆகஸ்ட்ல வந்த லோயர் லெட்டர் ரெஜிஸ்டர் போஸ்ட், அத வேற யாரோ கையெழுத்து போட்டு எடுத்து வச்சு, 14 நாள் டைம் தந்திருந்த லெட்டர் ஒன்பதாவது நாள் தான் என்கிட்ட வந்திச்சு. ஆப்ல ஈ-ஸ்டேட்மென்ட் வசதி இருக்கு, அத முதல் நாளே போட்டிருக்கணும், எனக்கு தோணல.

அந்த லெட்டர தூக்கிக்கிட்டு நுவரெலியா சட்ட உதவி ஆணைக்குழு ஒபிஸுக்கு போனேன். ஓசி தானே என்னத்த பெருசா சொல்லப்போறாங்கன்னு தான் போனேன், ஆனா அங்க இருந்த லோயர் மெடம் அரை மணித்தியாலம் உக்கார வச்சு தமிழ்லயே விளங்கப்படுத்தினாங்க. கார்ட் கடன் சிவில் விஷயம், பொலிஸ் வந்து பிடிச்சுட்டு போற விஷயம் இல்ல, காசில்லாத அக்கவுன்டுக்கு செக் எழுதி குடுத்தா தான் அது வேற கதை. ஆனா சிவில் தானேன்னு கடுதாசிய அடுப்புல போடவும் கூடாது. பேங்குகளுக்குன்னே 1990ல வந்த கடன் அறவிடல் சட்டம், 2ஆம் இலக்கம், ஒன்னு இருக்கு, 150,000 ரூபாவுக்கு மேல போன கடனுக்கு அதுல மாவட்ட நீதிமன்றத்துல வழக்கு போடலாம், சாதா வழக்கு மாதிரி இழுபடாது, பேங்க் பேப்பர பாத்து கோர்ட் முதல்லயே ஒரு நிபந்தனை தீர்ப்பு குடுத்துரும், நாம தான் போய் எங்க பக்கத்தையும் சொல்ல அனுமதி தாங்கன்னு கேக்கணும், போகலன்னா அது முடிஞ்ச தீர்ப்பா மாறிரும், அதுக்கு பிறகு சாமான் சொத்துன்னு கை வைப்பாங்க. வீட்ட ஏலத்துல போடுவாங்களா மெடம்னு கேட்டேன். அடகு வச்ச சொத்தா இருந்தா தான் பேங்க் கோர்ட்டுக்கு போகாமலே ஏலம் போடலாம், கார்டுக்கு அப்படி ஒன்னும் எழுதி குடுக்கலயே, வீடு யார் பேர்லன்னு கேட்டாங்க. லயம் மெடம், தோட்டத்து வீடுன்னேன். அவங்களும் சிரிச்சாங்க நானும் சிரிச்சேன். இருநூறு வருஷமா நமக்கு சொந்தமா வீடு காணி இல்லன்னு கத்துறோம், அதுல கெடச்ச ஒரே லாபம் இது தான்.

அவங்க தான் 1935 நம்பரையும் தந்தாங்க, மத்திய வங்கில நிதி நுகர்வோருக்குன்னு இருக்கிற பிரிவு. எடுத்தேன். முதல்ல பேங்குக்கே எழுத்துல முறைப்பாடு குடுங்க, பதில் சரியில்லன்னா எங்களுக்கு அனுப்புங்கன்னாங்க. அந்த ஆகஸ்ட்ல தான் நிதி நுகர்வோர் பாதுகாப்புன்னு புது ஒழுங்குவிதியும் வர்த்தமானில வந்திருந்திச்சு. எந்த திகதி, எத்தனை மணி, வந்தவரு என்ன சொன்னாரு, யார் யார் முன்னால சொன்னாரு, எல்லாத்தையும் தமிழ்லயே எழுதி பிராஞ்சுல குடுத்து என்கிட்ட வச்ச பிரதில சீல் வாங்கிக்கிட்டேன். அதுக்கு பிறகு மோட்டர் சைக்கிள் வரல. அதுக்கு முன்னால வந்தது வந்தது தான், கோயில் கிட்ட கேட்ட சத்தத்த யார் திருப்பி எடுக்கிறது.

சீல் குத்தின பிரதியோட அப்படியே மேனேஜர பாத்தேன். பாக்கி அப்ப 229,000 காட்டுது. நான் கொண்டு போனது, ஒரு வருஷத்து சம்பள ஸ்லிப், சர்வீஸ் சார்ஜ் எப்படி இறங்கிச்சுன்னு கோடு போட்டு காட்டினேன், மாசம் 7,000 வரைக்கும் கட்ட ஏலும், அதுக்கு மேல சொன்னா பொய் சொல்றதா போயிரும்னு சொன்னேன். ரெண்டு தடவ இல்லன்னாங்க. மூணாவது தடவ கார்ட் கேன்சல், இனி வட்டி ஓடாது, அபராதம் கழிச்சு 165,000, அதுல 25,000 இப்பவே, மிச்சம் 20 மாசத்துக்கு 7,000 படின்னு வந்து நின்னிச்சு. வெளில வந்து யோசிச்சேன், ரெண்டாவது மாசமே இதே ஸ்லிப்போட போயிருந்தா? அப்ப பாக்கி 162,500 தானே. ரெக்கவரி ஆக்கள், நேர்ல போய் கணக்கோட பேசினா, மனுஷங்க தான். அந்த பகுதிக்கு 3 ஸ்டார் குடுக்கிறேன், பொய் சொல்லக்கூடாது. பேசினத எழுத்துல வாங்குங்க, வாயால சொன்னத அடுத்த மாசம் வேற ஆள் உக்காந்திருந்தா தெரியாதும்பாங்க.

25,000த்துக்கு அம்மாவோட சங்கிலி அடகுக்கு போச்சு. "கொழுந்து எடுத்து சீட்டு கட்டி வாங்குன சங்கிலிடா, ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு போகுது"ன்னாங்க. அது தான் அம்மா இந்த விஷயத்துல பேசின நீளமான பேச்சு. சங்கிலிய இந்த வருஷம் மீட்டாச்சு.

க்ரிப் பத்தி சொல்லாம முடிக்க ஏலாது. எல்லாரும் க்ரிப்ல பேர் விழுந்திரும்னு பேய்க்கதை மாதிரி சொல்றாங்க. க்ரிப்ங்கிறது கடன் தகவல் பணியகம், 1990ல சட்டம் போட்டு தொடங்கினது, அதுல கடன் எடுத்த எல்லார் பேரும் தான் இருக்கு, ஒழுங்கா கட்டுறவன் பேரும். கறுப்பு பட்டியல் எல்லாம் இல்ல, எந்த கடன் எத்தனை நாள் பிந்திச்சுன்னு இருக்கும், அத பாத்துட்டு தாறதா இல்லையான்னு முடிவு எடுக்கிறது அந்தந்த பேங்க். 2024ல தம்பியோட சேந்து ஒரு ஆட்டோ லீசிங் எடுக்க போனோம், என் பேர போட்டதும் கொம்பனில இருந்த பையன் ஸ்கிரீன பாத்துட்டு "அண்ணே உங்க க்ரிப் சரியில்லயே"ன்னாரு, தம்பி என்ன பாத்தான். அத கூட தாங்கிக்கலாம். என்கூட படிச்ச ஒருத்தன் இப்ப டீச்சர், அவன் வீடு கட்ட லோன் போட்டான், பிணைக்கு என்கிட்ட கையெழுத்து கேட்டான், ஓஎல் பரீட்சைக்கு படிக்கிறப்ப எனக்கு புத்தகம் தந்தவன், சரிடான்னு போனேன். பேங்க்ல ஐடிய வாங்கி பாத்துட்டு வேற ஆள் கூட்டிட்டு வாங்கன்னு அவன்கிட்ட சொல்லிட்டாங்க, காரணம் சொல்லல, ஆனா அவனுக்கு விளங்கிரிச்சு. திரும்பி வாறப்ப பஸ்ல நுவரெலியால இருந்து லிந்துலை வரைக்கும் ரெண்டு பேரும் மழைய பத்தியே பேசிக்கிட்டு வந்தோம். நம்ம ரிப்போர்ட்ட நாமளே சின்ன கட்டணத்துக்கு எடுத்து பாக்கலாம், நான் எடுத்தேன், மாசம் மாசமா பிந்தின கணக்கு அப்படியே இருக்கு. கட்டி முடிச்ச உடனே அது வெள்ளையாகிரும்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்ல.

எங்க லயத்து கீழ கடை முதலாளிகிட்ட நான் சின்னதுல இருந்து கொப்பி கணக்கு. 2022ல அவருக்கும் ஆறு மாசம் பாக்கி வச்சேன். அவரும் ஏசினாரு, கொஞ்ச நாள் அரிசி தர மாட்டேன்னாரு, சீனிய அரைக்கால் கிலோவா குறைச்சாரு. ஆனா கொப்பில இருந்த 11,600, கட்டுற அன்னைக்கும் 11,600 தான். அவரும் நல்லவர்னு சொல்ல வரல, விலைல ஏற்கனவே ஏத்தி வச்சிருப்பாரு, எனக்கு தெரியாதா. ஆனா எவ்வளவுன்னு எனக்கு எப்பவும் தெரியும், கொப்பிய பிரிச்சா தமிழ்ல இருக்கும்.

மொத்தத்துல ஸ்டார் கேட்டா, முழுசா கட்ட ஏலுமான ஆளுக்கு 4, மினிமம் கட்டுற ஆளுக்கு 2, கட்ட ஏலாத ஆளுக்கு எத்தனை குடுக்கிறதுன்னு தெரியல, மைனஸ் இருந்தா போடலாம். வட்டி இப்ப 36ல இருந்து நல்லா இறங்கியிருக்கு, அதனால திரும்ப கென்டீனுக்கு டை கட்டின பிள்ளைங்க வர தொடங்கிட்டாங்க. சர்வீஸ் சார்ஜ்ல ஓடுற ஹோட்டல் பிள்ளைங்க யாராவது இத வாசிச்சா, லிமிட்ட பேசிக் சம்பளத்த மட்டும் வச்சு போட சொல்லுங்க, கொறச்சு போடுங்கன்னு கேட்டா போடுவாங்க, கேக்கத்தான் ஆளில்ல.

கடைசி தவணை கட்டினப்ப கடன் ஒன்னும் பாக்கி இல்லன்னு ஒரு லெட்டர் தாங்கன்னு கேட்டேன், அது இல்லாம நம்பி இருக்க ஏலாது. ரெண்டு கிழமைல வரும்னாங்க. வரல, போன வெள்ளிக்கிழமை திரும்ப போனேன். போஸ்ட் பண்ணி எவ்வளவு நாள், இன்னும் கெடைக்கலயான்னு அந்த மிஸ் கம்ப்யூட்டர பாத்து கேக்குறாங்க. எந்த அட்ரஸுக்கு மிஸ்னு கேட்டேன். தோட்டம் பேர், டிவிஷன் பேர், போஸ்ட் ஒபிஸ் பேர் வாசிச்சாங்க. நாளைக்கு லீவு, தோட்டத்து ஒபிஸுக்கு போய் கெளறி பாக்கணும்.